டிசம்பர் ஐந்தாம் தேதி என்று எழுதிய வரி

என் குறிப்பேட்டில் 1996 நவம்பர் 18, திங்கட்கிழமை என்று தேதியிட்ட பக்கத்தில் ஒரு கடிதத்தின் வரைவு இருக்கிறது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி "தங்கள் ஆதரவை நாடும்" என்று முடிகிறது. நன்கொடை கேட்டு எழுதும் எந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது பத்தியில் இந்த வரி வருகிறது: "1996 டிசம்பர் 5ஆம் தேதி இந்த எஞ்சினின் பாய்லர் முறைப்படி சோதிக்கப்பட்டு, ஓடுவதற்குத் தகுதியானது என்று உறுதி செய்யப்பட்டது."

வரைவு எழுதிய தேதியையும் வரிக்குள் இருக்கும் தேதியையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அச்சடித்த கடிதத்திலோ மேலே தேதி போட வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருந்தது. கையில் வாங்கிப் படித்தவர்களுக்கு எதுவும் புரிய வழியில்லை. வரைவின் கையெழுத்து என்னுடையது. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

அந்த வருடம் ஆடி மாதத்தில் லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில், ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவருடைய வீட்டு மாடியில் ஒரு குழு கூடியது. அடுத்த ஆகஸ்டில் சுதந்திரத்துக்கு ஐம்பது வயது நிறைய இருந்தது. சபா, பள்ளிக்கூடம், ரோட்டரி என்று எல்லோரும் ஏதாவது செய்யத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீலுக்குத் தோன்றியது ஒரு ரயில். நான்கு பெட்டிகள் நிறைய பழைய படங்கள், சிறையிலிருந்து வந்த கடிதங்கள், ராட்டைகள், தடியடியில் நசுங்கிய ஒரு பித்தளைச் செம்பு. முன்னால் கொடி கட்டிய நீராவி எஞ்சின். ஆகஸ்ட் பதினைந்து காலை எழும்பூரில் புறப்பட்டு ஊர் ஊராக நின்று போக வேண்டும்.

"டீசல் எஞ்சினப் பாக்க எவன் வருவான்? கரிப் புகை வரணும், ஊதணும். அப்பதான் கொழந்தைகள் ஓடி வரும்" என்றார் வக்கீல். அவருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. அவருடைய தகப்பனார் மறியலில் சிறை போனவர். அந்தச் செம்பு அவருடையது.

முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருந்தோம். தீபாவளிக்குள் மூன்று பேர் மிஞ்சினோம்: தலைவராக வக்கீல், எஞ்சினுக்கு டிரைவர், கடிதங்களுக்கு நான். நான் அடையாறில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பழைய பஞ்சாங்கங்களும் நாட்காட்டிகளும் சேர்ப்பது என் வழக்கம். எந்தச் சம்பவம் எந்தத் தேதியில், என்ன கிழமையில் நடந்தது என்று சரிபார்த்துக் கொடுப்பேன். கண்காட்சிப் படங்களுக்குக் கீழே எழுத அது உதவும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

டிரைவர் சைதாப்பேட்டைக்காரர். இருபத்தெட்டு வருடம் நீராவி எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர். என் மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோன்றியபடி போட்ட தேதிதான் அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த தேதியாக ஏறியிருந்தது. அவருடைய தாயார் சொன்னதோ வேறு: கார்த்திகை தீபத்தன்று, செவ்வாய்க்கிழமை, ஆற்றில் வெள்ளம் போன வருடம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பஞ்சாங்கங்களைப் புரட்டினேன். ஒரே ஒரு வருடம்தான் பொருந்தியது. ஒரு வருடத்துக்கு மேல் முன்னதாகவே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாது. அவர் அதற்கு வருத்தப்படவில்லை.

"எங்கம்மா சொன்னது நெஜம்னு ஆயிட்ச்சி பாரு சார், அது போதும்" என்றார். அன்றிலிருந்து என்னைத் 'தேதி சார்' என்றுதான் கூப்பிட்டார். டீக்கடையில் யாராவது ஏதாவது தேதியில் தகராறு செய்தால், "தேதி சார் எழுதிக் குடுத்தா அதான் தேதி. மூடிக்கினு குந்து" என்பாராம்.

எஞ்சின் ஆதம்பாக்கத்தில் இருந்தது. மவுண்ட் ஸ்டேஷனுக்குத் தெற்கே தண்டவாளத்தை ஒட்டி, மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலை. அதன் வேகன்களை இழுப்பதற்காக வைத்திருந்த சின்ன எஞ்சின், கருவேலஞ்செடிகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. பழுதுபார்த்துக்கொண்டால் எடுத்துப் போகலாம் என்று வாரிசுகள் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு சின்ன எஞ்சின் ஊர் ஊராக ஓடாது என்பது டிரைவருக்குத் தெரியும். ஊருக்கு வெளியே டீசல் இழுத்து வரட்டும், ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மட்டும் நம்முடையது தன் நீராவியில் நுழையட்டும் என்று ஏற்பாடு. அதற்கும் முதலில் பாய்லர் சான்றிதழ் வேண்டும் என்று ரயில்வேயிலிருந்து பதில் வந்திருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் என்னை அங்கே அழைத்துப் போனார். கொட்டகைக்குள் பகலிலும் வெளிச்சம் குறைவு. எஞ்சினின் வயிற்றுக்குக் கீழே மண் எப்போதும் ஈரமாக இருந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. அது எங்கிருந்து வரும் ஈரம் என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே ஏறினார். நெருப்பு எரியும் அறையின் சுவர்களை நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல போல்ட்டு மணிபோல ஒலித்தது. சில இடங்களில் சத்தம் மந்தமாக, மரத்தில் தட்டியதுபோல வந்தது. அங்கெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டார். ஏழு வட்டங்கள்.

"இதெல்லாம் செத்துக்கீது. மாத்திடலாம். மேல் தகடு எப்டி கீதுன்னு எனுக்குத் தெரியாது சார். அது உள்ள கீது, கண்ணுக்குத் தெரியாது. தண்ணி டெஸ்ட்டுதான் சொல்லணும்."

தண்ணீர் டெஸ்ட் என்றால் பாய்லர் நிறையக் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. ஓடும்போது தாங்க வேண்டியதைவிட அதிகமாகவே ஏற்றுவார்கள். பலவீனமான இடம் இருந்தால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். அதே இடம் நீராவியில் இருந்தால் எப்படிக் கசியும் என்று கேட்டேன்.

"கசியாது சார்" என்றார். சற்று நேரம் சுத்தியலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கிளீனராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷெட்டில் பாய்லர் ஒன்று அப்படி வெடித்ததாம். என்ன பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை. "தண்ணி டெஸ்ட் பண்ணாத பாய்லர்ல எவன் சொன்னாலும் நான் நெருப்பு வெக்க மாட்டேன். வக்கீல் சாராண்ட இப்பவே சொல்லிடு."

சொன்னேன். வக்கீலும் ஒப்புக்கொண்டார். அக்டோபரில் டிரைவரின் பழைய சகாக்கள் இருவர் வந்து ஏழு போல்ட்டுகளையும் மாற்றினார்கள். பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் நாள் கேட்டோம். டிசம்பர் ஐந்து, வியாழக்கிழமை என்று கொடுத்தார்.

கடிதம் எழுத உட்கார்ந்தது இதன் பிறகுதான். பாய்லர் பற்றிய வரியை "சோதிக்கப்பட உள்ளது" என்றுதான் முதலில் எழுதினேன். வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

"உள்ளது, உத்தேசம், எண்ணியிருக்கிறோம். இதப் படிச்சுட்டு யார் செக் எழுதுவா? முடிஞ்சுடுத்துன்னு போடுங்கோ. அச்சாகி வரதுக்குள்ள முடிஞ்சுடும்."

இன்னும் நடக்கவில்லையே என்றேன்.

"நாப்பது வருஷம் அஃபிடவிட் போட்டிருக்கேன். டைப் அடிக்கற அன்னிக்கு நெஜமா இருக்கணும்னு இல்லே, கையெழுத்துப் போடற அன்னிக்கு நெஜமா இருந்தாப் போறும்."

அந்த நியாயம் எனக்கு அப்போது விபரீதமாகப் படவில்லை. கல்யாணப் பத்திரிகையில் "நடைபெற்றது" என்று யாரும் போடுவதில்லை என்பது மட்டும் மனதில் ஓடியது. "உள்ளது" என்பதை அடித்துவிட்டு, தேதியைச் சேர்த்து எழுதினேன். தேதி சேர்ந்ததும் அந்த வரிக்கு ஒரு பலம் வந்துவிட்டது. என் சேகரிப்பில் இருக்கும் எந்த உண்மையான குறிப்பையும்விட அது உண்மைபோல இருந்தது.

நவம்பர் கடைசியில் விழுப்புரத்திலிருக்கும் தன் அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை என்று டிரைவர் புறப்பட்டுப் போனார். போவதற்கு முன் சைதாப்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் என்னிடம் சொன்னது இது: "டெஸ்ட் அன்னிக்கு நான் இல்லாட்டி நீ போய் நில்லு சார். பிரஷர் மீட்டர்ல முள்ளு எவ்ளோ ஏறிச்சி, எத்தினி நிமிசம் நின்னுச்சின்னு எழுதி வெய். நீ எழுதினா நான் பாத்த மாரிதான்."

டிசம்பர் 2ஆம் தேதி அச்சகத்திலிருந்து கடிதக் கட்டுகள் வந்தன. அன்றிலிருந்தே மழை. ஐந்தாம் தேதி நான் குடையோடும் குறிப்பேட்டோடும் மவுண்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். வேளச்சேரிப் பக்கமிருந்து தண்ணீர் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை வாசலில் முழங்கால் அளவு. காவல்காரர் தன் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வரவில்லை. வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. குறிப்பேட்டில் "டெஸ்ட் நடைபெறவில்லை, மழை" என்று எழுதிக்கொண்டு திரும்பினேன். அந்தக் குறிப்பும் இருக்கிறது. அதை யாரும் அச்சடிக்கவில்லை.

மறுநாள் வக்கீல் வீட்டு மாடியில் உட்கார்ந்து, அச்சடித்த கடிதங்களில் அந்த வரியைப் பேனாவால் அடிக்கத் தொடங்கினேன். ஐந்நூறு பிரதிகள். நாற்பதோ நாற்பத்தைந்தோ அடித்திருப்பேன். வக்கீல் மேலே வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"பேனாவால அடிச்ச லெட்டரக் குடுத்தா கோர்ட் வாசல்ல மனு எழுதறவன் குடுத்த மாதிரி இருக்கும். விடுங்கோ. பொங்கலுக்கு அப்பறம் இன்ஸ்பெக்டர்ட்ட வேற நாள் வாங்கிக்கலாம். பத்து நாள் வித்தியாசம், ஒரு மாசம் வித்தியாசம். தேதி மாறும், விஷயம் மாறாது."

பேனாவை மூடினேன். அடித்த பிரதிகளை அவர் தனியாகக் கட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்தார்.

மார்கழி முழுதும் ஆள் தேடி அலைந்தோம். அடையாறில் ஒரு பங்களாவில் நாயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஒரு சபாவில், கச்சேரி இடைவேளையில் இரண்டு நிமிடம் பேச அனுமதித்தார்கள். மக்கள் காபிக்குப் போய்விட்டார்கள். ஒரு பள்ளித் தாளாளர் ரயிலுக்குப் பதில் ஒரு பஸ் வைத்தால் தானே முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். வக்கீல் அவருக்கு நன்றி சொல்லாமலே எழுந்து வந்துவிட்டார்.

கடைசியில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் சூட்கேஸ் கடை வைத்திருந்த ஒரு முதலாளி காது கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் ரயிலேறி வந்தவர். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் கூட்டம்தான் தன்னை வாழவைத்தது என்றார். கடிதத்தை நிதானமாக, விரல் வைத்துப் படித்தார். மூன்றாவது பத்தியில் விரல் நின்றது.

"பாய்லர் டெஸ்ட்டெல்லாம் ஆயிட்டுல்லா?"

"போட்டிருக்கு பாருங்கோ" என்றார் வக்கீல்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கடைக்கு வெளியே தொங்கிய சிவப்புப் பெட்டிகளைப் பார்த்தேன்.

"அப்பம் ஒரு காரியம் செய்வோம். நான் யாவாரி. சாமானப் பாக்காம துட்டு எடுக்க மாட்டேன். ஒரு நாள் புகை விட்டு, அந்தால இந்தால ஒரு நூறடி ஓட்டிக் காட்டுங்க. நம்ம வீட்டுப் பிள்ளேளும் வந்து பாக்கட்டும். அங்கனயே வச்சு எழுதித் தாரேன்."

ஜனவரி 19, ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். டிரைவர் ஒப்ப மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் நான் பேசாமல் இருந்தேன். வேண்டாமென்று சொல்லும் வேலையை அவரிடம் விட்டுவிட்டேன் என்பதுதான் சரி.

டிரைவர் ஊரிலிருந்து திரும்பியது 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மாலை நான் வக்கீலைப் பார்க்கப் போனபோது, டிரைவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. உடனே சைதாப்பேட்டைக்குப் போனேன். பாய்லருக்குத் தண்ணீர் நிரப்ப ஆதம்பாக்கம் போயிருக்கிறார், ராத்திரி அங்கேயே தங்கி விடியுமுன் நெருப்பு மூட்டுவார் என்றார் அவருடைய மனைவி. அங்கிருந்து மவுண்ட் இரண்டாவது ஸ்டேஷன். நான் போகவில்லை. காலையில் வக்கீலை வைத்துச் சொல்லவைப்பதுதான் முறை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன்.

காலை எட்டரை மணிக்கு வக்கீல் சலவை ஜிப்பாவில் வாசலில் நின்றிருந்தார். கையில் துணிக்குள் சுற்றிய செம்பு. டிரைவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றேன்.

"போல்ட்டெல்லாம் மாத்தியாச்சு. நூறடி. அவ்வளவுதான். அது ஓடி முடியட்டும், நானே சொல்றேன். நான் பொறுப்பு" என்றார். அதற்குள் முதலாளியின் வேன் வந்து நின்றது. உள்ளே அவர், அவருடைய மகன், மருமகள், பட்டுப்பாவாடையில் இரண்டு சிறுமிகள், தூக்குவாளியில் இட்லி. சிறுமிகளில் சின்னவள் கிண்டி தாண்டும்வரை ரயில் போல ஊதிக்கொண்டே வந்தாள்.

மவுண்ட் பாலத்தில் ஏறும்போதே புகை தெரிந்தது. கறுப்பாக, நேராக, காற்றே இல்லாததுபோல மேலே போய்க்கொண்டிருந்தது. சிறுமிகள் கைதட்டினார்கள். வக்கீல் என் முழங்காலைத் தொட்டார்.

எஞ்சினைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். முன்னால் மாவிலைத் தோரணமும் ஒரு காகிதக் கொடியும். அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே எங்கோ சிறு கொட்டாவிபோல ஒரு சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. என் கைக்கடிகாரத்தில் ஒன்பது இருபது. டிரைவர் மேலேயிருந்து கையாட்டினார். முகமெல்லாம் கரி. அதுவரை நான் பார்க்காத ஒரு சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது.

"வா தேதி சார். உன் புள்ள எழுந்துக்கிச்சி பாரு."

முதலாளி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பெரிய பேத்தியைத் தூக்கி டிரைவர் அருகில் நிறுத்தலாமா என்று அவருடைய மகன் கேட்டார். இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும், பத்து நிமிசம் என்றார் டிரைவர். நான் ஏணிக்குக் கீழே நின்றேன். எஞ்சினின் வயிற்றடியில் ஒரு சொட்டு விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விழுந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். எங்கள் கடிதம். மூன்றாவது பத்தியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"வக்கீல் சார் இதக் குடுத்தாரு. இல்லாட்டி நான் தீக்குச்சியே கிழிச்சிருக்க மாட்டேன். தேதி போட்டுக்கீறே, முள்ளு எவ்ளோ ஏறிச்சின்னு போடலியே சார். எத்தினி பவுண்டுல டெஸ்ட் பண்ணாங்கோ? இப்ப அறுவதுல கீது. எதுவரிக்கும் ஏத்தலாம்னு தெரியணும்."

வக்கீல் எனக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் நின்றிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கொட்டாவிச் சத்தம் ஒருமுறை வந்தது.

"டெஸ்ட் நடக்கல" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. குனிந்தார். மறுபடி சொன்னேன். "மழை. இன்ஸ்பெக்டர் வரல. நான் முன்னாடியே எழுதிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. காகிதத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். பிறகு, தெருவில் யாரிடமோ வழி சொல்லும் குரலில், "எல்லாரையும் அந்த மதிலுக்குப் பின்னால இட்டுக்கினு போ. ஓடாத. நடந்து போங்க. கொழந்தைங்கள மொதல்ல" என்றார்.

நான் அங்கேயே நிற்கிறேன் என்றேன்.

"நீ போ சார். உனுக்கு இங்க வேல இல்ல."

காவல்காரரின் அறைக்கு அப்பால் இருந்த செங்கல் மதிலுக்குப் பின்னால் போனோம். அங்கிருந்து எஞ்சின் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட இரும்புக் கொக்கியால் அவர் எரியும் கரியைக் கீழே இழுத்துத் தள்ளும் சத்தம். தண்ணீர் பட்டுச் சீறும் சத்தம். நடுநடுவே எதுவும் கேட்காத நேரங்கள். அவைதான் நீளமாக இருந்தன. நெருப்பை எடுத்துவிட்டால் உடனே ஒன்றும் அடங்கிவிடாது, இரும்பில் ஏறிய சூடு தானாகத்தான் இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலாளிக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிறுமிகளை வேனில் ஏற்றி மெயின் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் நின்றார்.

"வக்கீல் சார், அட்டையில பூட்டு இருக்குன்னு போட்டா பெட்டியில பூட்டு இருக்கணும்லா" என்றார். வக்கீல் செம்பை மடியில் வைத்துக்கொண்டு செங்கல் குவியலில் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு பத்துக்கு டிரைவர் மதிலைச் சுற்றி வந்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவர் அங்கே தனியாக இருந்திருக்கிறார். புருவத்து மயிர் ஒரு பக்கம் கருகியிருந்தது. காவல்காரரின் பானையிலிருந்து மூன்று குவளை தண்ணீர் குடித்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வியர்வையில் பென்சில் கோடு கலைந்திருந்தது.

"இத நீயே வச்சிக்க சார்" என்றார். வெறும் சார்.

திரும்பும்போது வக்கீலும் நானும் பஸ்ஸில் வந்தோம். லஸ் முனையில் அவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க இன்னும் அரை மணி பொறுத்திருக்கலாம்" என்றார். அதன்பின் குழு கூடவில்லை. இன்ஸ்பெக்டரிடம் புதிய நாள் கேட்டு எழுத வேண்டியது என் வேலை. நான் எழுதவில்லை, யாரும் எழுதச் சொல்லவுமில்லை. 1997 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, நான் வீட்டிலேயே இருந்தேன்.

டிரைவரை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை, அடுத்த வருடம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பார்த்தேன். கீரைக்கட்டோடு நின்று, வீட்டில் சௌக்கியமா என்று கேட்டார். நன்றாகத்தான் பேசினார். பக்கத்தில் இருந்தவரிடம் என்னை, தெரிந்தவர் என்று சொன்னார்.

எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, 1999இல் விசாரித்துக்கொண்டு வடசென்னையில் ஓர் இரும்புக் கிடங்குக்குப் போனேன். அறுத்த ஆள் இருந்தார். ஆதம்பாக்கத்திலிருந்து வந்த எஞ்சினை நினைவிருக்கிறது என்றார். நெருப்பறைக்கு மேலே இருந்த தகடு ஒரு பக்கம் அப்பளம் மாதிரி தேய்ந்திருந்தது, அறுக்கக் கேஸ் சுடர் வைத்ததும் உடனே விட்டுவிட்டது என்று விரலால் காட்டினார். பிறகு யோசித்து, அதே மாதம் வேறோர் ஆலையிலிருந்தும் ஓர் எஞ்சின் வந்தது, தகடு எதனுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கிடங்கில் அதற்கான சீட்டுகள் இல்லை. தகடும் அதற்குள் உருக்காலைக்குப் போயிருந்தது.

1997 ஜனவரி 19 காலை அந்தப் பாய்லர் தாங்கியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தேதிக்கு எதிரே என் குறிப்பேட்டில் "சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.